இலுப்பைப்பூ செட்டு

தறி ஷெட்டுக்குள் ஒருவர் பாடினால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், பார்க்க நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வேன். கேட்க எப்படி இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கிற இடம் அது. காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு சொல் உள்ளே போகாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால் பேசினோம். குரலே வேண்டாம். உதட்டை அகலமாக அசைத்தால் போதும், பத்துத் தறி தள்ளி நிற்பவன் படித்துக்கொள்வான். இழை அறுந்தால் இரண்டு விரலை ஒட்டிப் பிரிப்போம். மீசையை நீவினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். மேஸ்திரிக்கு மீசை கிடையாது. அதுதான் அதில் வேடிக்கை.

எழுபதுகள் முழுக்க நான் அந்த மில்லில் தறி ஓட்டினேன். வில்லியனூரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால், வழியில் ஒவ்வொரு தெருமுனையிலும் ஆள் சேர்ந்து, டவுனுக்குள் நுழையும்போது ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி இருப்போம். மில்லின் சங்கு காற்று வாக்கில் எங்கள் ஊர்வரை கேட்கும். சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பிள்ளையை எழுப்புவார்கள், சண்டையை நிறுத்துவார்கள்.

அந்த ஷெட்டில் எனக்கு எதிர்வரிசைத் தறியில் நின்றவர்தான் பின்னால் என் தங்கையைக் கட்டிக்கொண்ட மச்சான். அவர் வேலைக்கு வந்த நாள் முதல் பாடினார். குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது, அவர் உதடு அதோடு சேர்ந்து போகிறது. தொண்டை முடிச்சு ஏறி இறங்கும். மேல் ஸ்தாயிக்குப் போகிறார் என்றால் நெற்றி நரம்பு புடைக்கும். கண் செருகும். எந்தப் படத்துப் பாட்டு, எந்த அடி என்று உதட்டைப் படித்தே தெரிந்துகொள்வோம். டீ குடிக்க வெளியே வந்ததும், "இன்னாபா, இன்னிக்கு சரணத்துல உருக்கிட்ட" என்று அவர் தோளைத் தட்டுவோம். மில்லிலேயே பெரிய பாட்டுக்காரர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இத்தனைக்கும் அவர் குரலை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. 'ஊமை கண்ட கனா' என்பார்கள். நாங்கள் அந்தக் கனவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம்.

அந்த உதட்டைப் பார்த்துத்தான் தங்கச்சியைக் கொடுத்தான் என்று ஊரில் என்னைக் கேலி பேசுவார்கள். பொய்யில்லை. ஆனால் தங்கச்சி எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அந்த உதட்டுப் பேச்சை அவரிடமிருந்து கற்றுக்கொண்டாள். மாமியார் நடுவில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர், சத்தமே இல்லாமல் ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்திருக்கும். "எங்க வூட்ல ஒரு சத்தம் கேக்காது, அப்பிடி ஒத்துமை" என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மில்லை மூடினார்கள். ஏன், யாரால் என்று பேசினால் அது வேறு கதை. அன்றைக்குப் பேசாத பேச்சு இல்லை. எனக்கு நினைவிருப்பது சங்கு ஊதாத அந்த முதல் காலைதான். ஊரில் எல்லா வீட்டிலும் உலை தாமதமாகக் கொதித்தது. ஆம்பிளைகள் சைக்கிளைத் துடைத்து வைத்துவிட்டு, துடைத்த சைக்கிளையே மறுபடி துடைத்தார்கள்.

சிலர் கரும்பு வெட்டப் போனார்கள். சிலருக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் புதிதாக வந்த கம்பெனிகளில் வேலை கிடைத்தது. மச்சானின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவர் சொல்லியனுப்பினார்: குடும்பத்தோடு கிளம்பி வந்துவிடு, வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஆடித் தேர் முடிந்ததும் போவதாகப் பேச்சு. தங்கச்சிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. புருஷனைத் தடுக்கவும் அவளால் முடியவில்லை. கைகட்டி உட்கார்ந்திருக்கும் ஆம்பிளையை எதைச் சொல்லி ஊரில் நிறுத்துவது?

செட்டு பிறந்தது அந்த நேரத்தில்தான். அதற்குக் காரணம் எங்கள் மில்லிலேயே துணி மடிப்புப் பிரிவில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவர். பக்கத்து ஊர்க்காரர், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து, பென்ஷனோடு ஒரு கிளாரினெட்டையும் கொண்டுவந்தவர். அந்த வீட்டில் குழந்தை அழுதால்கூட சுருதி பார்ப்பார்கள் என்று நாங்கள் சொல்வோம். அவர்தான் சொன்னார்: கை சும்மா இருந்தால் புத்தி கெட்டுப் போகும், வாங்க ஒரு மெல்லிசைச் செட்டு வைப்போம். எனக்கு டோலக் வரும். நூல் சுற்றுகிற பிரிவில் இருந்தவர்களில் ஒருவர் பேங்கோஸ், ஒருவர் கிடார், ஒருவர் அந்தக் கிளாரினெட். பாடுவது யார் என்ற கேள்வியே எழவில்லை.

ஒரு பண்ணைக்காரரின் காலி நெல் குடோனில் கூடினோம். மத்தியானம் மூன்று மணிக்கு. ஏன் மூன்று என்றால் இரண்டாம் ஷிப்டு சங்கு ஊதுகிற நேரம் அது. உடம்பு தானாக எழுந்துகொள்ளும். ஒத்திகை என்கிற சொல் எங்கள் வாயில் கடைசிவரை ஏறவில்லை. "ஷிப்டுக்குப் போறேன்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வருவோம்.

குடோனுக்கு எதிரே சைக்கிள் கடை. மில் மூடியதில் எங்களைப் போலவே அடிபட்டவர் அந்தக் கடைக்காரர். அத்தனை சைக்கிளும் ஓடாமல் நின்றால் யார் பஞ்சர் ஒட்டுவது? பிழைப்புக்காக மைக்செட்டு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார். வாய் மட்டும் குறையவில்லை. நாங்கள் ஆர்மோனியப் பெட்டியும் மேளமுமாக உள்ளே போவதைப் பார்த்து முதல் நாளே சொன்னார்: "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு சும்மாவா சொன்னாங்கோ? மில்லு போச்சு, இலுப்பைப்பூ வந்துடுச்சி." அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊருக்கு நாங்கள் இலுப்பைப்பூ செட்டு. நாங்கள் யோசித்து யோசித்து வைத்த நல்ல பேர் ஒன்று இருந்தது. அதை இன்றைக்கு எங்களுக்கே நினைவில்லை.

முதல் ஷிப்டு. ஆர்மோனியக்காரர் ஒரு கட்டையைப் பிடித்து மச்சானைப் பார்த்துத் தலையசைத்தார். மச்சான் கண்ணைச் செருகி வாயைத் திறந்தார்.

எப்படிச் சொல்வது? குரல் கெட்டது என்று சொல்ல முடியாது. கனமான, பழுப்பேறிய குரல்தான். ஆனால் அது எங்கும் நிற்கவில்லை. ஒரு வார்த்தை மேலே, ஒரு வார்த்தை கீழே. கயிறு அறுந்த கன்றுக்குட்டி மாதிரி தெருவெல்லாம் சுற்றியது. பெட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பல்லவி முடிவதற்குள் நாங்கள் அனைவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் உதட்டில் என்ன வந்துவிடுமோ, அதை அவர் படித்துவிடுவாரோ என்கிற பயம்.

அவரே நிறுத்தினார். "இத்தினி வருஷமா நல்லாத்தானேபா பாடினேன்" என்றார். கோபமில்லை. ஒரு சந்தேகம் கேட்பது மாதிரிக் கேட்டார்.

ஆர்மோனியக்காரர் பெட்டியை மெல்ல மூடினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க நெசமாவே கூடந்தான் கோணல். பெட்டில ரீடு போயிருக்குது. சரி பண்ணி எடுத்தாறேன்" என்றார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பழமொழியை அப்படித் திருப்பிப் போட்டு ஒரு மனிதனைக் காப்பாற்ற முடியும் என்று நான் அன்றுதான் கண்டேன்.

பெட்டி சரியாகி வந்தும் பாட்டு சரியாகவில்லை. கட்டையை ஏற்றினார், இறக்கினார், மாதா கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதுபோல ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்துக்கொடுத்தார். ம்ஹூம். இதற்கிடையில் சைக்கிள் கடைக்காரர், வாய்தான் அப்படி, மனசு வேறு, கடற்கரை ஊரான வீராம்பட்டினத்தில் இருக்கும் தன் உறவுக்காரர்களிடம் பேசி ஆடித் தேர் அன்று சாயங்காலம் கச்சேரி வைக்க ஏற்பாடு செய்துவிட்டார். மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை.

தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். மூட்டை கட்டியாகிவிட்டது, பாத்திரத்தைச் சாக்கில் போட்டுவிட்டேன் என்றாள். "இந்த ஒரு கச்சேரி நல்லபடியா ஆயிட்சின்னா அது இங்கியே இருந்துடும், அண்ணே. இல்லாங்காட்டி தேருக்கு மறுநாள் திருப்பூர் பஸ்ஸுதான்."

பாட்டு எப்படி இருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் பாடிப் பழகுகிறாரா என்று மட்டும் கேட்டேன்.

"வூட்டுல எங்க பாடுது? கரும்புக்குத் தண்ணி கட்டப் போனா, அந்த ஆயில் இஞ்சின் கொட்டாயாண்ட ஒக்காந்துகினு தான் பாடும்" என்றாள். பெண்டாட்டிக்குப் பயந்து ஓடி ஒளிகிறார் என்று நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கைக்குள் வந்து விழுந்ததை இரண்டு பேருமே தவறவிட்டோம்.

தேர் அன்று வீராம்பட்டினத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்து, ஜனம் மோரும் பானகமும் குடித்துக் களைப்பாற்றிக்கொண்டிருந்த நேரம் எங்கள் நேரம். வெயில் தாழ்ந்திருந்தது. மணலில் பலகை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். கரண்டை நம்ப முடியாது என்று சைக்கிள் கடைக்காரர் கரும்புத் தோட்டத்து ஆயில் இஞ்சின் ஒன்றை டைனமோவோடு பூட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அதன் தடதடப்பு பாட்டைக் கெடுக்கும் என்று ஆர்மோனியக்காரர் கண்டித்துச் சொன்னதால், மேடைக்குப் பின்னால் தூரத்தில், சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள்.

முதலில் கிளாரினெட்டும் பெட்டியுமாக ஒரு சாமி பாட்டு வாசித்தோம். நன்றாகவே போனது. எங்கள் எல்லோருக்கும் மில் இரைச்சலில் நின்று நின்று காது பாதி மந்தம். எங்களுக்குச் சரியாக வைத்த சத்தம் ஊருக்கு இடி. மீனவ ஜனத்துக்கு அது பிடித்தே இருந்தது. கடலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள், அவர்களும் உரக்கத்தான் பேசுவார்கள்.

அடுத்து மச்சான் மைக்குக்கு வந்தார். புது ஜிகினாச் சட்டை. ஒரு வரி, இரண்டு வரி. குரல் பழையபடி அலையத் தொடங்கிவிட்டது. கூட்டத்தில் சலசலப்பு. முன்வரிசையில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு வாட்டசாட்டமான ஆள் எழுந்து நின்று, "இன்னாபா, வலைய இழுக்கிற மாதிரி இழுத்துகினே கீற, உள்ள ஒரு மீனையும் காணமே" என்றான். சுற்றிலும் சிரிப்பு. மச்சான் பாதி வரியில் நின்றுவிட்டார். நான் டோலக்கின் மேல் கையை வைத்தபடி அவரைப் பார்த்தேன். அந்த நொடியில் திருப்பூர் பஸ் புறப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

பெண்கள் பக்கத்தில் என் தங்கச்சி எழுந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. நடுவில் அத்தனை தலைகள், அத்தனை இரைச்சல். அவள் கத்தவில்லை. உதட்டை அகலமாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நாம் வாயைத் திறந்து காட்டுவோமே, அப்படி ஒவ்வொரு எழுத்தாக அசைத்தாள். மேடையிலிருந்த நாங்கள் அத்தனை பேரும் மில்லில் உதட்டைப் படித்துப் பழகியவர்கள். ஒரே நேரத்தில் படித்தோம்.

இஞ்சினாண்ட போ.

மச்சானுக்கு எது புரிந்ததோ தெரியாது. பெண்டாட்டி சொல்லுக்குக் கட்டுப்பட்டவராக மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் பின்விளிம்புக்குப் போனார். ஒயர் அதற்குமேல் போகாது. அங்கே எங்களுக்கும் ஊருக்கும் முதுகைக் காட்டி, சவுக்கு மரங்களைப் பார்த்து நின்றார். காற்று திரும்பியபோது இஞ்சின் சத்தம் அங்கே தெளிவாக வந்தது. தட தட தட என்று நிற்காத ஒரே அடி. அந்த அடிக்குக் கீழே, கவனித்தால் மட்டும் கேட்கிற, ஒரு நீளமான ரீங்காரம். அது எங்கள் ஷெட். எங்கள் ஷெட்டின் சத்தம் சின்னதாகி, மணலில் வந்து உட்கார்ந்து எங்களைக் கூப்பிடுகிறது.

ஆர்மோனியக்காரர் காதைச் சாய்த்தார். பெட்டியில் விரலை வைத்து ஒரு கட்டை, பக்கத்துக் கட்டை, இன்னும் கொஞ்சம் கீழே என்று தேடினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பெட்டியும் இஞ்சினும் ஒன்றாகிவிட்டன. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மச்சான் பாடினார்.

நான் படிப்பு அதிகம் இல்லாதவன். பெரிய சபாக்களில் உட்கார்ந்து கேட்டவனும் இல்லை. ஆனால் அந்த மாதிரி ஒன்றை அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்குமேல் அந்த மனிதர் அந்த இரைச்சலைச் சுருதியாக வைத்துத் தன் குரலை அதற்குள் நெய்திருக்கிறார். இரைச்சலை எடுத்துவிட்டு நாங்கள் அவரைப் பாடச் சொன்னது, நீள நூலான பாவு இல்லாமல் குறுக்கு நூலான ஊடையை மட்டும் வைத்து நெய்யச் சொன்ன கதை. இப்போது பாவு கிடைத்துவிட்டது. ஒவ்வொரு சொல்லும் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. மேலே போனபோது அது மேலேயே நின்றது. அலை வந்து திரும்புகிற சத்தம்கூட அதற்குள் போய் அடங்கியதுபோல எனக்குத் தோன்றியது.

இன்னொன்று. அத்தனை வருஷம் நாங்கள் அவர் பாட்டைப் பார்த்தோம், கேட்கவில்லை. அன்று அவர் முதுகைக் காட்டி நின்றதால் உதடு தெரியவில்லை. முதல்முறையாகப் பார்க்காமல் கேட்டோம். பேங்கோஸ்காரர் வாசிக்க மறந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை ஓடியது, கண் தெரியவில்லை.

சரணம் முடிந்து மச்சான் தயங்கித் தயங்கிக் கூட்டத்தின் பக்கம் திரும்பப் பார்த்தார். முன்வரிசையிலிருந்த அதே வாட்டசாட்டமான ஆள் இரண்டு கையையும் தூக்கினான்.

"திரும்பாதபா. அப்டியே நின்னு பாடு."

அன்று அவர் பாடியது எல்லாமே முதுகுப் பாட்டுதான். அந்தப் பேரையும் வீராம்பட்டினத்துக்காரர்கள்தான் வைத்தார்கள். அதற்குப் பிறகு பாகூர், பிள்ளையார்குப்பம் என்று எங்கே போனாலும், "மொதல்ல ஒரு முதுகுப் பாட்டு போடுங்கோ" என்று கேட்பார்கள். கொஞ்ச காலத்தில் மற்ற செட்டுகளும் எங்களைப் பார்த்து முதல் பாட்டை முதுகு காட்டிப் பாட ஆரம்பித்தன. இஞ்சினை மேடைக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் முறை என்று எங்கள் பக்கத்து மைக்செட்டுக்காரர்கள் வெகுநாள் நம்பினார்கள். சாமி காரியமாக்கும் என்று அதற்குப் பூ வைத்தவர்களும் உண்டு.

மறுநாள் திருப்பூர் பஸ்ஸில் தங்கச்சி ஏறவில்லை. ஆனால் சாக்கில் போட்ட பாத்திரத்தை அவள் உடனே எடுத்துவிடவும் இல்லை. ஒரு சொம்பு, ஒரு குண்டான் என்று தேவைக்கு ஒன்றாகத்தான் எடுத்தாள். நம்பிக்கையை அப்படித்தான் அவள் வெளியே எடுப்பாள்.

அதற்குள் தெரு மாறத் தொடங்கியிருந்தது. நான் கண்ணால் பார்த்த அதிசயம் இது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மில்லில் நூல் சுற்றியவர் ஒருவர் ஸ்பீக்கருக்குக் கம்பிக் காயில் சுற்றக் கற்றுக்கொண்டார். நூலைச் சுற்றிய கை கம்பியைச் சுற்றாதா? மில்லில் சாயம் கலந்தவர் போர்டு எழுதினார். பள்ளிக்கூடச் சட்டை தைத்த தையல்காரர் ஜிகினாச் சட்டையில் இறங்கினார். எங்களைப் பார்த்து இன்னொரு செட்டு, அதில் சண்டை வந்து பிரிந்து மூன்றாவது செட்டு. சைக்கிள் கடையில் இப்போது சைக்கிள் ஒரு மூலையில், ஆம்பிளிபயர் முன்னால். கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் செட்டு பேச வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, "இலுப்பைப்பூ செட்டு வூடு எதுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். கேலிக்கு வைத்த பேர் முகவரியாகிவிட்டது. வழி சொல்கிறவரும் பெரும்பாலும் அந்தச் சைக்கிள் கடைக்காரர்தான். பேர் வைத்தது தானென்று ஒவ்வொருவரிடமும் தவறாமல் சொல்லியனுப்புவார்.

கூலி மில்லில் கிடைத்ததுபோல வராது. ஆடியும் ஆவணியும் நிறைவு, மார்கழி வறட்சி. ஆனால் மூன்று மணியானால் ஒவ்வொரு குடோனிலிருந்தும் மாட்டுக் கொட்டாயிலிருந்தும் ஒரு பெட்டியோ கிடாரோ ஒலிக்கும். சங்கு நின்றுபோன ஊர் மறுபடி ஒன்றைக் கேட்டு உலை வைக்கத் தொடங்கியது.

தீபாவளிக்கு மச்சானின் அண்ணன் திருப்பூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர். தம்பிக்குப் பார்த்த வீட்டை இன்னும் விடாமல் வைத்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்ததும் தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, பாட்டெல்லாம் சரி. எப்பதான் கிளம்பறீங்க?"

மாமியார் உள்ளே படுத்திருந்தார். அவரை எழுப்ப வேண்டாம் என்றோ, மூத்தாரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றோ, தங்கச்சி பதிலைக் குரலில்லாமல் சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது. அண்ணன் தறி ஷெட்டில் நின்றவரல்ல. திருதிருவென்று விழித்து, என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்லுது அது?"

மச்சான் அதற்குள் ஆணியில் மாட்டியிருந்த ஜிகினாச் சட்டையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். திருப்பூருக்கென்று பாத்திரம் கட்டிய அந்தச் சாக்கைப் பார்த்தேன். காலியாக நான்காக மடித்து, கால் துடைக்க வாசலில் போட்டிருந்தாள்.

"நேரம் ஆயிட்சாம்" என்றேன். "ஷிப்டுக்குப் போவணுமாம்."